யார் வைத்த வாசல்?

மைசூர் அரண்மனையின் படம் என்றால் பெரும்பாலோருக்கு நினைவு வருவது இரண்டில் ஒன்று. இரவில் பல்புச் சரங்கள் கோடு போட்டுக் காட்டும் அரண்மனை. அல்லது கிழக்கே ஜெயமார்த்தாண்ட வாயிலின் வளைவுக்குள், இருண்ட விளிம்புகளுக்கு நடுவே, காலை வெயிலில் மின்னும் அரண்மனை. இந்த இரண்டாவது படத்தைக் காலண்டரிலும் சுற்றுலா விளம்பரத்திலும் கல்யாண ஆல்பத்திலும் பார்த்துச் சலித்திருக்கிறோம். இப்போது அது ஒவ்வொருவர் கைபேசியிலும் இருக்கிறது. எடுத்தவரைக் கேட்டால் 'பிரேமுக்குள் பிரேம்' என்பார். புகைப்பட வகுப்பில் முதல் வாரமே சொல்லித்தருகிற உத்திகளில் ஒன்று அது. வாசல், ஜன்னல், வளைவு, மரக்கிளை என்று ஏதாவது ஒன்றைப் பொருளைச் சுற்றி வரும்படி வைத்து எடுப்பது.

உத்தியில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வளைவை அங்கே வைத்தது புகைப்படக்காரர் இல்லை. அரண்மனைக்கு நேர் எதிரே வாயிலை நிறுத்தியவர்கள், வருகிறவன் எங்கே நிற்கவேண்டும், எந்தக் கோணத்தில் முதல் பார்வை விழவேண்டும் என்பதை எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். நாம் போய் அந்த முடிவுக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறோம். சட்டகத்துக்குள் சட்டகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் 'எப்படி எடுப்பது' என்பதோடு நின்றுவிடுவது வழக்கம். அந்த உள்சட்டகம் யாருடையது, அதன் எந்தப் பக்கத்தில் நாம் நிற்கிறோம் என்று கேட்டால் இதே உத்தி வேறு மாதிரித் தெரிய ஆரம்பிக்கும். அப்படிக் கேட்டுப் பார்க்க மைசூரைவிடத் தோதான ஊர் குறைவு.

பாடப்புத்தகம் சொல்லும் காரணங்களை முதலில் முடித்துவிடலாம். கண் நேராகப் பொருளுக்குப் போகும். தட்டையான படத்தில் ஆழம் தெரியும். ஒன்று இன்னொன்றை மறைத்தால் மறைப்பது முன்னே, மறைவது பின்னே என்று கண் யோசிக்காமலே புரிந்துகொள்ளும். வேண்டாத வெளிறிய வானமும் மின்கம்பியும் சுற்றுலாப் பேருந்தும் மறையும். நடைமுறையில் அதிகம் கைகொடுப்பது இந்த மூன்றாவதுதான். மதிய வேளையில் மைசூரின் வானம் படத்தில் வெறும் வெள்ளையாக விழுந்துவிடும். மேலே ஒரு வளைவு அதை மூடிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் புகைப்படப் பிரிவை நடத்திய ஜான் சர்கோவ்ஸ்கி 1966-இல் வெளியிட்ட 'தி ஃபோட்டோகிராஃபர்ஸ் ஐ' நூலில், புகைப்படம் என்ற கலையைப் பேச ஐந்து விஷயங்களை எடுத்துக்கொண்டார். பொருள், நுணுக்கம், சட்டகம், காலம், நிற்கும் இடம். ஓவியர் வெற்றுத்திரையில் ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார். புகைப்படக்காரர் ஏற்கெனவே நிறைந்து கிடக்கும் உலகிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று தேர்கிறார் என்பது அவர் வாதத்தின் சாரம். இதை ஏற்றுக்கொண்டால், படத்தின் நான்கு ஓரங்கள் புகைப்படக்காரரின் தீர்ப்பு. உள்ளே தெரியும் இரண்டாவது சட்டகமோ கொத்தனார், தச்சர், மன்னர், கார் கம்பெனி என்று வேறு யாரோ அளித்த தீர்ப்பு. இரண்டும் ஒன்றையே சொன்னால் படம் அழகாக இருக்கும், அவ்வளவுதான். இரண்டும் முரண்படும்போதுதான் படத்தில் பேச்சு தொடங்குகிறது.

மைசூரில் முதல் வகைக்குக் குறைவே இல்லை. 1897-இல் இளவரசி ஜெயலட்சம்மண்ணியின் திருமணத்தின்போது பழைய மர அரண்மனை தீப்பிடித்து எரிந்தது. புதியதை வரைந்து கொடுத்தவர் ஹென்றி இர்வின். சிம்லாவில் வைஸ்ராய் மாளிகையைக் கட்டியவர். எழும்பூர் ரயில் நிலையமும் அவர் கைவண்ணம்தான். சென்னையில் வளர்ந்தவர்களுக்கு மைசூரின் குவிமாடங்களைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்த ஞாபகம் வருவதற்கு அதுவே காரணம். 1912-இல் முடிந்த இந்த அரண்மனையின் முகப்பு 245 அடி நீளம், கோபுரம் 145 அடி உயரம். பிற்காலத்தில் அதை விரிவாக்கியபோது இப்போதுள்ள பொது தர்பார் மண்டபப் பகுதி சேர்ந்தது. முகப்பில் ஏழு பெரிய வளைவுகள். நடு வளைவின் இரு பக்கமும் இரண்டு சிறிய வளைவுகள். அதற்கு மேலே யானைகளோடு கஜலட்சுமி.

ஏன் நடு வளைவுக்கு மட்டும் இவ்வளவு உபசாரம்? தசராவில் மன்னர் கொலு வீற்றிருக்க, கீழே மைதானத்தில் கூடிய ஜனம் அண்ணாந்து பார்க்கும் முகப்பு இது. முகலாயர் மாளிகைகளின் ஜரோக்கா மாடமும் இதே வேலையைத்தான் செய்தது. ஆளைச் சுற்றி வளைவு; வளைவைச் சுற்றி வெறுமை; ஆகையால் ஆள் பெரியவன். காமிரா வருவதற்கு முன்பே இது ஒரு படம். விஜயதசமி ஊர்வலத்தில் யானை மேல் போகும் 750 கிலோ தங்க அம்பாரியும் அப்படித்தான். அம்பாரியின் தூண்களும் விதானமும் ஒரு சட்டகம். முன்பு அதற்குள் மன்னர், இப்போது சாமுண்டீஸ்வரி. சட்டகம் மாறவில்லை, உள்ளே இருப்பவர் மாறியிருக்கிறார். ஜனநாயகம் வந்ததை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் ஒரு ஜோடிப் படம் கிடைப்பது கஷ்டம்.

அரண்மனையின் எண்கோணக் கல்யாண மண்டபத்தில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. மயில் வேலைப்பாடு கொண்ட வண்ணக் கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பலரும் நகர்ந்துவிடுகிறார்கள். சுவர்களில் தசரா ஊர்வலத்தைக் காட்டும் 26 ஓவியங்கள் வரிசையாக இருக்கின்றன. அவை உண்மைப் புகைப்படங்களை வைத்து வரையப்பட்டவை. யானை, குதிரை, அதிகாரிகள், வேடிக்கை பார்க்கும் கூட்டம் எல்லாம் முதலில் காமிராச் சட்டகத்துக்குள் வந்து, அங்கிருந்து ஓவியத் திரைக்குப் போய், கடைசியில் மண்டபச் சுவரில் பொருந்தியிருக்கின்றன. முதல் சட்டகத்தை வைத்த புகைப்படக்காரரின் பெயரை இந்தச் சுவரருகே யாரும் கேட்பதில்லை.

அரசர்களுக்கு வெகு முன்பே இதைக் கற்றுத்தந்தவை கோயில்கள். மகாமண்டபத்தில் நின்று பார்த்தால் ஒரு நிலைக்குள் இன்னொரு நிலை, அதற்குள் இன்னொன்று, கடைசியில் விளக்கொளியில் மூலவர். ஒவ்வொரு வாசலும் முந்தையதைவிடச் சிறியது, இருண்டது. திருவாசி கடைசிச் சட்டகம். மைசூர் பாணி ஓவியங்களும் தஞ்சாவூர் ஓவியங்களும் தெய்வத்தை வளைவும் தூணும் திரைச்சீலையும் சூழ்ந்த மண்டபத்தில் உட்கார்த்திவைப்பது இந்தப் பார்வையைப் பலகையில் கொண்டுவரும் முயற்சியே. நம் ஊர்ப் புகைப்படக்காரர்களுக்கு வளைவைக் கண்டதும் கை துறுதுறுப்பதற்கு மேல்நாட்டுப் பாடநூலைக் காரணம் சொல்வானேன்? கூட்டத்தில் அப்பாவின் தோள் மேல் உட்கார்ந்து எட்டிப் பார்த்த கண்கள் இவை.

ஆனால் அதே வாசலுக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. திருப்புன்கூரில் உள்ளே போக முடியாமல் தேரடியில் நின்ற நந்தனாருக்காக நந்தி விலகியது என்கிறது நம் கதை. கர்நாடகத்தில் அதற்கு இணை உடுப்பி. பின்புறம் நின்று பாடிய கனகதாசருக்காகக் கிருஷ்ணன் மேற்கே திரும்பினான், சுவர் பிளந்தது என்பார்கள். அந்த இடத்து ஜன்னலுக்கு 'கனகன கிண்டி' என்றே பெயர். இரண்டு கதைகளிலும் சட்டகம் என்பது உள்ளே விடாத சுவரில் விழுந்த இடைவெளி. அழகுக்காக யாரும் அதை வைக்கவில்லை. இடைவெளியைச் சுற்றியிருக்கும் கருப்பு வெறும் விளிம்பு இல்லை, அது தடை. வளைவுக்குள் அரண்மனையை எடுக்கும்போது சுற்றிலும் விழும் அந்த இருட்டுக்கும் இப்படி ஒரு பொருள் உண்டு என்று தெரிந்து எடுப்பவருக்கும், ஓரம் அழகாக இருக்கிறது என்று எடுப்பவருக்கும் படம் ஒன்றாக வராது.

காமிரா இந்தப் பக்கம் வந்தது 1850-களில். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1854 டிசம்பரில் மைசூர் சமஸ்தானத்துக்குள் போய் ஹளேபீடு, பேளூர் கோயில்களைப் படமெடுத்தார். மறு ஆண்டு சென்னைக் கண்காட்சியில் அவை வைக்கப்பட்டன. பிறகு சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858-இல் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் என்று சுற்றினார். மெழுகுக் காகித நெகட்டிவ், பெரிய காமிரா, நீண்ட எக்ஸ்போஷர். மனிதர்கள் அசைந்தால் மறைந்துபோவார்கள். ஆகவே அவருடைய புது மண்டபத்திலும் திருமலை நாயக்கர் மகாலிலும் தூண்களே மனிதர்கள். நடுவழியில் காமிராவை நிறுத்தி, தூண் வரிசை இரண்டு பக்கமும் சுருங்கிச் சுருங்கிப் போவதைக் காட்டும்போது, ஒவ்வொரு தூண் ஜோடியும் அடுத்ததற்குச் சட்டகம் ஆகிறது. அரசாங்கத்துக்கு வேண்டியிருந்தது கட்டடத்தின் ஆவணம். ட்ரைப்புக்கு அதற்கு மேலும் ஒன்று தெரிந்திருந்தது. இருந்தாலும் அவர் எங்கே நிறுத்தினார் என்று கவனியுங்கள்: மண்டபத்தின் நட்ட நடுவில், அச்சின் மேலேயே. கட்டியவன் கற்பித்த இடம்.

அந்த அச்சை விட்டு விலகிப் போனவர்களில் இருவர் மைசூர்க்காரர்கள், அண்ணன் தம்பி. டி.எஸ். சத்யன் (1923–2009) இந்தியப் பத்திரிகைப் புகைப்படத்தின் முன்னோடிகளில் ஒருவர்; 1977-இல் பத்மஸ்ரீ பெற்றவர்; 'அலைவ் அண்ட் கிளிக்கிங்' என்று தன் வரலாறு எழுதியவர். அவர் படங்களில் மனிதர்கள்தான் முதல், கட்டடம் அப்புறம். குழந்தைகளை யுனிசெஃபுக்காக ஏராளமாக எடுத்தார். சட்டகத்தைத் தேடிப்போகிற ஆள் அவர் இல்லை, வந்தால் விடமாட்டார்.

தம்பி டி.எஸ். நாகராஜனைத்தான் இந்தக் கட்டுரையின் கேள்விக்கு முக்கியமானவராக நினைக்கிறேன். பத்திரிகைப் புகைப்படத் தொழிலில் இருந்தவர், நூறு ஆண்டுக்கு மேல் பழைய வீடுகளின் உட்புறங்களை எடுப்பதைத் தன் சொந்த வேலையாக ஏற்றுக்கொண்டார். 'வேனிஷிங் ஹோம்ஸ் ஆஃப் இந்தியா' என்ற பெயரில் அது நூலாயிற்று. மறைந்துவரும் வீடுகள். மைசூர்ப் பக்கத்துத் தொட்டி மனையோ, நம் தொட்டிக்கட்டு வீடோ, அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். தெரு, திண்ணை, நிலை, ரேழி, முற்றம், கூடம், அதற்கப்பால் அடுக்களை. ஒன்றைத் தாண்டினால் இன்னொன்று. உள்ளே நின்று எந்தப் பக்கம் காமிராவைத் திருப்பினாலும் நிலைக்குள் நிலையாகத்தான் வரும். உத்தி என்று தனியாக ஒன்றைச் செய்யவே வேண்டாம். ஆனால் அந்த நிலைகளுக்கு எண்ணிக்கை உண்டு. முன்பின் தெரியாதவன் திண்ணையோடு சரி. விருந்தாளி கூடம் வரை. இரண்டாம் கட்டுக்குள் காமிரா போகவேண்டுமென்றால் வீட்டுக்காரர் கூப்பிட்டாக வேண்டும். சில வீடுகளில் வீட்டுக்காரி கூப்பிட்டாக வேண்டும். இப்படிப்பட்ட படத்தில் எத்தனை நிலைகள் காமிராவுக்குப் பின்னால் போய்விட்டன என்று பார்த்தால் புகைப்படக்காரர் எவ்வளவு தூரம் அனுமதிக்கப்பட்டார் என்பது தெரியும். அரண்மனை வாயில் படத்தில் இந்தக் கணக்குக்கு இடமே இல்லை. அங்கே எல்லோரும் திண்ணைக்கு வெளியேதான்.

மைசூர் தந்த இன்னொருவர் சினிமாவில் இதைச் செய்தார். குரு தத்தின் ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தி 1923-இல் மைசூரில் பிறந்தவர்; தாதாசாகேப் பால்கே விருது பெற்ற முதல் ஒளிப்பதிவாளர். 'பியாசா' (1957) படத்தின் உச்சக்கட்டத்தில், செத்துவிட்டான் என்று உலகம் நம்பும் கவிஞன், தன் நினைவு நாள் கூட்டம் நடக்கும் அரங்கத்தின் வாசலில் வந்து நிற்கிறான். பின்னாலிருந்து வெள்ளமாக ஒளி, கைகள் வாசலின் இருபுறமும் விரிந்திருக்கின்றன, முகம் கருப்பு. சிலுவை நினைவு பலருக்கும் வரும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. உள்ளே அவனைப் புகழ்ந்து சொற்பொழிவு, ஆள் வாசலில். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. கதையை அந்த வாசல் சொல்லிவிடுகிறது. அடுத்து 'காகஸ் கே ஃபூல்' (1959), இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். அவ்வளவு அகலமான திரையில் இரண்டு பேரை மட்டும் நிறுத்தினால் மீதி இடம் கொட்டாவி விடும். மூர்த்தி பெரிய கண்ணாடிகளால் வெயிலைப் பிடித்து இருண்ட ஸ்டுடியோவுக்குள் ஒரு தூண் மாதிரி இறக்கினார். மரமோ கல்லோ இல்லாமல் ஒளியிலேயே ஒரு உள்சட்டகம். பிற்காலத்தில் புகையும் ஒளிக்கற்றையும் வைத்து எடுக்கப்பட்ட ஆயிரம் பாட்டுகளுக்கு இதுவே மூதாதை.

வெளிநாட்டு வரலாற்றை இங்கே வேகமாகக் கடந்துவிடலாம். வெலாஸ்கெஸ் 1656-இல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தில் பின்சுவர்க் கண்ணாடிக்குள் அரசனும் அரசியும், பக்கத்து வாசலில் போகவா நிற்கவா என்று ஒருவர். ஜான் ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' (1956) ஒரு வாசல் திறந்து ஆரம்பித்து ஒரு வாசல் மூடி முடிகிறது. சத்யஜித் ராயின் 'சாருலதா' (1964) ஜன்னல் ஜன்னலாக ஓடித் தெருவைப் பார்க்கும் பெண்ணோடு தொடங்குகிறது. இவற்றில் வாசலும் ஜன்னலும் யார் எங்கே பூட்டப்பட்டிருக்கிறார்கள் என்பதைச் சொல்ல வந்தவை. அழகு இலவச இணைப்பு.

இந்தியச் சாலைக்கு இந்தக் கேள்வியைக் கொண்டுவந்தவர் ரகுபீர் சிங் (1942–1999). அம்பாசிடர் காரில் நாட்டைச் சுற்றி, அதன் ஜன்னலையும் திறந்த கதவையும் முன்கண்ணாடியையும் பக்கக் கண்ணாடியையும் சட்டகமாக வைத்து எடுத்த படங்கள், அவர் இறந்தபின் 2002-இல் 'எ வே இன்டு இந்தியா' என்று நூலாக வந்தன. கார் வைத்திருப்பவன் பார்க்கும் இந்தியா இது என்று படமே ஒப்புக்கொள்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் நடந்து போகிறவர், இந்தப் பக்கம் இருக்கையில் நான். ஒரே படத்துக்குள் கண்ணாடியில் பின்னால் போன சாலையும் ஜன்னலில் எதிரே வரும் ஆளும் சேர்ந்துவிடும். ஒரே சட்டகம் இல்லை, மூன்று நான்கு. ராஜபுத்திர, முகலாயச் சிற்றோவியங்களில் ஒரே தாளில் மாடமும் முற்றமும் தோட்டமும் தனித்தனி அறைகளாக இருப்பதைப் பழகிய கண்ணுக்கு இது புதிதில்லை. அமெரிக்காவில் லீ ஃப்ரீட்லாண்டர் இதே வேலையைச் செய்து 2010-இல் 'அமெரிக்கா பை கார்' வெளியிட்டார். அவருடையது கருப்பு வெள்ளை, கூர்மையான கிண்டல். ரகுபீர் சிங்கின் கார் அதைவிட நெரிசலானது, அன்பானது.

இனி, கையில் காமிராவோடு மைசூரில் நிற்பவருக்கு வேண்டிய கணக்குகள். இவற்றைத் தெரிந்துகொண்டால் கட்டியவன் காட்டிய இடத்தை விட்டு நகரத் துணிவு வரும்.

முதலாவது தூரம். உள்சட்டகத்துக்குள் பின்னாலுள்ள கட்டடம் எவ்வளவு தெரியும் என்பதை முடிவு செய்வது லென்ஸ் இல்லை. நாம் வளைவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பது. வளைவு 3 மீட்டர் அகலம், அதற்கு 200 மீட்டர் அப்பால் 75 மீட்டர் முகப்பு என்று வைத்துக்கொள்வோம். வளைவுக்கு 8 மீட்டர் பின்னால் நின்றால் முகப்பு முழுவதும் வளைவுக்குள் கிட்டத்தட்டச் சரியாக அடங்கும். 4 மீட்டருக்கு வந்தால் அதே வளைவுக்குள் 150 மீட்டர் அகலம் தெரியும். அரண்மனை நடுவில் பாதி இடத்தில் சுருங்கி உட்காரும். 16 மீட்டர் பின்னால் போனால் 40 மீட்டர்தான் தெரியும். ஓரத்துக் குவிமாடங்கள் மறைந்து நடுக்கோபுரம் பெரிதாக எழும். ஜூமைத் திருகி இதைச் செய்ய முடியாது. ஜூம் முழுப் படத்தையும் பெரிதாக்கும். வளைவுக்கும் அரண்மனைக்கும் உள்ள விகிதத்தைத் தொடாது. கால்தான் தொடும். பலரும் வளைவின் கீழேயே நின்றுகொண்டு அகலக் கோணத்தில் எடுத்துவிட்டு அரண்மனை பொம்மை மாதிரி வந்துவிட்டதே என்று வருந்துவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது ஒளி. வெயிலில் நிற்கும் சுவருக்கும் வளைவின் உட்புற நிழலுக்கும் ஆறு ஏழு ஸ்டாப் வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். அதாவது 64 முதல் 128 மடங்கு. ஸ்லைடு பிலிம் காலத்தில் இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். வெளியை அளந்து எடுத்தால் வளைவு கருநிழல். இன்றைய காமிராக்களின் ரா கோப்பு இரண்டையும் பிடித்துவிடும். கைபேசியோ கேட்காமலேயே பல எக்ஸ்போஷர்களை ஒட்டி நிழலைத் தூக்கிவிடுகிறது. வளைவின் உள்ளே பூச்சு உதிர்ந்த இடம், சிலந்தி வலை, 'ராஜு லவ்ஸ்' என்று கீறிய எழுத்து எல்லாம் பளிச்சென்று வரும். இருட்டு போய்விட்டால் வாசல் இல்லை, வெறும் சுவர்தான் இருக்கிறது. கைபேசித் திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் பெரும்பாலான கைபேசிகள் அடங்கும். எல்லாவற்றையும் கருநிழலாக்கு என்று சொல்லவில்லை. நாகராஜன் எடுத்த வகை வீடுகளில் முற்றத்து ஒளி கூடத்துத் தூணில் மெல்லத் தேயும். அங்கே நிழலுக்குள் இருக்கும் பாத்திரமும் ஊஞ்சலும்தான் விஷயம். அரண்மனை வாயிலில் நிழலுக்குள் ஒன்றும் இல்லை.

மூன்றாவது கூர்மை. 24 மி.மீ. லென்ஸை முழுச்சட்டக் காமிராவில் எஃப்/11-இல் வைத்து 1.8 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் சுமார் 90 சென்டிமீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக இருக்கும். 50 மி.மீ.யில் அதே எஃப்/11-க்கு 7.6 மீட்டரில் ஃபோகஸ், 3.8 மீட்டருக்கு முன்னால் உள்ளது மங்கும். ஆக, பின்னால் போய் நீண்ட லென்ஸில் எடுக்கிறவருக்கு வளைவு மங்குமா என்ற கவலை அதிகம் வேண்டாம், வளைவும் அவரை விட்டுத் தள்ளிப் போயிருக்கும். மங்கிய சட்டகம் பிழையுமில்லை. இலையும் வலைக்கம்பியும் மங்கினால் அழகு. செதுக்கு வேலை உள்ள கல் வளைவு பாதி மங்கினால் கைத்தவறு மாதிரி இருக்கும்.

நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். அரண்மனை கிழக்கு நோக்கியது. முகப்பில் வெயில் வேண்டுமென்றால் காலை. மாலை விளக்குக் காட்சிக்கு ஞாயிறும் விடுமுறை நாட்களும். ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள், வழக்கமாக 7 மணிக்கு எரியும். அக்டோபரில் சூரியன் 6 மணியைத் தாண்டியதும் இறங்கிவிடுவதால் 7 மணிக்கு வானம் மை மாதிரி இருக்கும். வளைவின் கருப்பும் வானத்தின் கருப்பும் ஒன்றாகி, சட்டகமே காணாமல் போகும். ஜூன் மாதத்தில் சூரியன் மறைய 6.45-க்கு மேல் ஆகும். அப்போது விளக்கு எரியும் நேரத்தில் வானத்தில் நீலம் மிச்சம் இருக்கும். வளைவு தனியாக வெட்டித் தெரியும். மழை விடவேண்டும், அது நம் கையில் இல்லை. எல்லோரும் தசராவுக்குப் போகிறார்கள் என்பதால் எல்லோரிடமும் அந்தக் கருப்பு வானமே இருக்கிறது.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதர் அலியும் திப்புவும் அடங்கிய கும்பஸும் வாயிலிலிருந்து நேர்கோட்டில் பாதை, அதன் முடிவில் குவிமாடம் என்றே அமைந்தது. தாஜ்மகாலின் பெருவாயிலில் கிடைக்கும் அதே பாடம், சிறிய அளவில். அங்கே என் யோசனை, உள்ளே போய்த் தாழ்வாரத்தின் கருங்கல் தூண்களுக்கு நடுவிலிருந்து வெளியே பாருங்கள் என்பது. இறந்தவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் வருகிற கூட்டம்தான் படம். சோமநாதபுரத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த கேசவர் கோயிலைச் சுற்றுமண்டபத் தூண்களுக்கு இடையே எடுக்காதவர் இல்லை. அதே மண்டபத்தில் குறுக்கே, அச்சுக்கு விலகி, தூண் ஒன்று கோபுரத்தைப் பாதி மறைக்கும்படி நின்று பார்த்தால் வேறொரு கோயில் கிடைக்கும். மறைக்கிற சட்டகம், காட்டுகிற சட்டகத்தைவிடச் சில சமயம் நேர்மையானது.

புகைப்படப் போட்டிகளின் பங்கையும் ஒதுக்க முடியாது. பெங்களூரும் மைசூரும் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சலோன் போட்டிகளுக்குப் படம் அனுப்பிப் பழகிய ஊர்கள். நடுவர் ஒரு படத்துக்குச் சில நொடிகள் தரும் இடத்தில், உடனே கண்ணில் விழும் அமைப்பு ஜெயிக்கும், உள்சட்டகம் அப்படிப்பட்டது. வளைவு, நடுவில் சிவப்புச் சேலைக்காரி, தலையில் குடம். இந்தப் படத்துக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்தினால் இந்தியப் புகைப்படத்துக்கு நல்லது என்று நெடுநாளாக நினைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கும் அந்த வளைவுக்கும் பெரும்பாலும் ஒரு சம்பந்தமும் இருப்பதில்லை. சில சமயம் காசு கொடுத்து நடக்கச் சொன்னதே சம்பந்தம். ஜன்னலுக்குள் தூங்குகிறவரையும் சமைக்கிறவரையும் தெருவிலிருந்து எடுப்பது அதைவிட மோசம். ஜன்னல் அவர்களுடையது, பார்வை நம்முடையது. கேட்காமல் எடுத்தால் எட்டிப்பார்த்தல் என்றுதான் அதற்குப் பெயர்.

சட்டகமே பொருளாகிவிடுகிற இடமும் மைசூரில் உண்டு. சாலையோர வளைவுகளோடு நின்ற லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012 ஆகஸ்டில் இடிந்து உயிர்களைப் பலிவாங்கியது. தேவராஜ மார்க்கெட்டின் வடக்குப் பகுதி 2016 ஆகஸ்டில் சரிந்தது. அதற்குப் பிறகு இடித்துக் கட்டுவதா, பழுது பார்ப்பதா என்ற வழக்கும் வாதமும் ஆண்டுக்கணக்கில் ஓடின. அதற்கு முன்னால் அந்த வளைவுகளை ஓரமாக வைத்து வாழைக்காய் வண்டியையும் குங்குமக் குவியலையும் எடுத்தவர்களிடம் இப்போது வேறொரு ஆவணம் இருக்கிறது. நடுவில் இருந்த குங்குமம் இன்றும் கிடைக்கும். ஓரத்தில் இருந்த செங்கல் வளைவின் வடிவம், பூச்சின் நிறம், தூணுக்குத் தூண் இடைவெளி போன்றவைதான் பழுது பார்க்க வருகிற பொறியாளருக்கு வேண்டியவை. படத்தை வெட்டிச் சிறிதாக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

மார்க்கெட்டில் குங்குமக் குவியலை எல்லோரும் வாங்குகிறவன் பக்கத்திலிருந்தே எடுக்கிறார்கள். பூக்கடைக்காரரிடம் இரண்டு முழம் மைசூர் மல்லிகை வாங்கி, அனுமதி கேட்டு, கடைக்கு உள்ளே அவர் உட்கார்ந்திருக்கும் பலகைக்குப் பின்னால் ஐந்து நிமிடம் நிற்கலாம். தொங்கும் மாலைகள் மேல் ஓரம், தராசுக் கம்பி ஒரு பக்கம், கல்லாப்பெட்டி கீழே. அதற்குள் வந்து குனிகிற முகங்கள்: பேரம் பேசுபவை, சில்லறை தேடுபவை, படம் எடுக்கக் கைபேசியை உயர்த்துபவை. இந்தச் சட்டகத்தை அரசரும் வைக்கவில்லை, எஞ்சினீயரும் வைக்கவில்லை. தினமும் காலையில் கடை திறக்கும்போது அவரே கட்டித் தொங்கவிடுகிறார். வியாபாரம் ஆக ஆக அது மாறிக்கொண்டே வரும். சாயங்காலம் மாலைகள் விற்றுத் தீர்ந்த பிறகு அதே இடத்தில் எடுத்தால் மேல் ஓரம் இருக்காது.